ஆவணங்களை முழுதாகப் படிக்கக் கொடுங்கள்: வரலாற்று வினாத்தாள் அமைப்போருக்கும் பயிற்சி அளிப்போருக்கும் ஒரு திறந்த மடல்

வரலாற்றுத் தேர்வுகளுக்கு வினாத்தாள் அமைப்பவர்களுக்கும், விடைத்தாள் திருத்துபவர்களுக்கும், பயிற்சி நூல்கள் தயாரிப்பவர்களுக்கும், அவற்றை வைத்து வகுப்பில் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கும் வணக்கம்.

முதன்மைச் சான்றுகளை ஆராய்ந்து கட்டுரை எழுதுவதற்கு மாணவர்களைப் பழக்கிவரும் ஆசிரியர்களுள் ஒருவராக இந்த மடலை எழுதுகிறேன். ஒரு கடிதம், ஒரு தந்தி, ஒரு வாக்குமூலம், ஒரு கேலிச்சித்திரம், ஒரு கல்வெட்டு, கணக்கேட்டின் ஒரு பக்கம் எனச் சில சான்றுகளை மாணவர் முன் வைத்து, அவற்றைக் கொண்டு ஒரு வினாவுக்கு விடை காணச் சொல்லும் தேர்வு முறையை நான் முழு மனத்துடன் ஆதரிக்கிறேன். வரலாற்றுப் பாடத்தை மனப்பாடத்திலிருந்து மீட்பதற்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. ஆனால் அந்தத் தேர்வுக்காக நாம் தரும் பயிற்சி, அதன் நோக்கத்தையே குலைக்கும் நிலைக்கு வந்துவிட்டது. பயிற்சித் தாள்களில் ஆவணங்கள் மூன்று நான்கு வரிகளாகக் கத்தரிக்கப்பட்டு வருகின்றன. கூடவே எதை எழுதினால் எத்தனை மதிப்பெண் என்ற அட்டவணையும், அதை அப்படியே பின்பற்றி எழுதப்பட்ட மாதிரி விடையும் வருகின்றன. மாணவர் ஆவணத்தைப் படிக்கத் தொடங்குவதற்கு முன்பே, அதில் எதைத் தேட வேண்டும் என்பது முடிவாகிவிடுகிறது. ஆகவே, பயிற்சிக் காலத்திலாவது ஆவணங்களை முழுதாகக் கொடுங்கள், அவற்றைப் பொறுமையாகப் படிக்க நேரம் கொடுங்கள், மதிப்பெண் அட்டவணையைக் கடைசியில் காட்டுங்கள் என்று உங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

அமெரிக்க உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் எழுதும், கல்லூரி நிலைப் பாடங்களுக்கான ஏ.பி. (Advanced Placement) தேர்வின் அமெரிக்க வரலாற்றுத் தாளில் ஆவண வினா 1973ஆம் ஆண்டில் இடம்பெறத் தொடங்கியது. இப்போது அந்த வினாவில் ஏழு ஆவணங்கள் தரப்படுகின்றன. படிப்பதற்கென ஒதுக்கப்படும் 15 நிமிடங்களையும் சேர்த்து மொத்தம் 60 நிமிடங்கள். கட்டுரைக்கு 7 மதிப்பெண். முழுத் தேர்வில் அதன் பங்கு நான்கில் ஒன்று. மையவாதத்துக்கு ஒன்று, காலச் சூழலை விளக்குவதற்கு ஒன்று, சான்றுகளைப் பயன்படுத்துவதற்கு மூன்று, ஆய்வுக்கு இரண்டு என்று அந்த 7 மதிப்பெண்ணும் பகுக்கப்பட்டிருக்கிறது. பல நாடுகளில் நடத்தப்படும் ஐ.பி. (International Baccalaureate) வரலாற்றுத் தேர்வின் முதல் தாளில் நான்கு சான்றுகளும் ஒரு மணி நேரமும் 24 மதிப்பெண்ணும் என்ற அமைப்பு இருந்துவந்திருக்கிறது. இத்தகைய பகுப்புகளில் நான் குறை காணவில்லை. ஏராளமான விடைத்தாள்களைப் பலர் பிரித்துக்கொண்டு திருத்தும்போது எல்லோருக்கும் ஒரே அளவுகோல் வேண்டும். யார் கையில் தாள் சிக்கியது என்பதைப் பொறுத்து ஒரு மாணவரின் மதிப்பெண் மாறக்கூடாது. அந்த அளவுகோல் திருத்துபவரின் மேசையிலிருந்து இறங்கி, பாடத் தொடக்க நாளிலேயே மாணவரின் கைக்கு வந்து, கட்டுரை எழுதும் முறையாகவே மாறிவிட்டதைத்தான் நான் சுட்டிக்காட்ட விரும்புகிறேன்.

அதன் விளைவு விடைத்தாள்களில் அப்பட்டமாகத் தெரிகிறது. ‘ஆவணம் 3 கூறுவது போல’ என்று ஒரு பத்தி தொடங்கும். ஆவணத்தின் ஒரு வாக்கியம் மேற்கோள் குறிக்குள் வரும். அதே வாக்கியம் அடுத்த வரியில் வேறு சொற்களில் மீண்டும் சொல்லப்படும். பிறகு, ‘இதை எழுதியவர் ஒரு வணிகர், ஆகவே இவர் ஒருதலைப்பட்சமானவர்’ என்று ஒரு வாக்கியம் இடம்பெறும், எந்தப் பக்கம் சாய்கிறார், ஏன் சாய்கிறார், அந்தச் சாய்வு அவர் எழுதியதில் எந்த இடத்தைப் பாதித்திருக்கிறது என்பதைப் பற்றி ஒரு சொல்லும் இருக்காது. அடுத்த பத்தியில் ஆவணம் 4 வந்துவிடும். ஆவணம் 3ம் ஆவணம் 4ம் ஒன்றையொன்று மறுக்கின்றன என்பதைக் கவனிக்காமலேயே மாணவர் இரண்டையும் தம் வாதத்துக்கு ஆதரவாக அடுக்கியிருப்பார். அட்டவணைப்படி பார்த்தால் இந்த விடைக்குப் பகுதி மதிப்பெண் கிடைத்துவிடும். கிடைப்பதால் அடுத்த கட்டுரையும் இதே அச்சில் வரும். இந்த மாணவர்கள் சோம்பேறிகள் அல்லர். நாம் எதைப் பழக்கினோமோ அதை உழைத்துச் செய்கிறார்கள்.

கத்தரித்த ஆவணம் என்னவெல்லாம் செய்யும் என்பதற்கு வரலாற்றிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. 1870 ஜூலை 13 அன்று எம்ஸ் என்ற நீரூற்று நகரில் தங்கியிருந்த பிரஷ்ய மன்னர் முதலாம் வில்ஹெல்மை, பிரெஞ்சுத் தூதர் பெனடெட்டி உலாவும் பாதையில் சந்தித்தார். மன்னரின் ஹோஹன்சோலர்ன் குடும்பத்தைச் சேர்ந்தவர் ஸ்பெயின் அரியணைக்குப் போட்டியிடுவதை இனி எக்காலத்திலும் ஆதரிக்க மாட்டேன் என்று மன்னர் உறுதி தர வேண்டும் எனக் கேட்டார். மன்னர் மறுத்தார். நடந்ததை மன்னரின் அதிகாரி ஆபேக்கன் பெர்லினிலிருந்த பிரஷ்யப் பிரதமர் பிஸ்மார்க்குக்குத் தந்தியாக அனுப்பினார். பிஸ்மார்க் அதைச் சுருக்கிப் பத்திரிகைக்குக் கொடுத்தார். ஆறு நாள் கழித்து, ஜூலை 19 அன்று, பிரான்ஸ் போர் அறிவித்தது.

பயிற்சி நூல்களில் இந்தச் சம்பவம் பெரும்பாலும் பத்திரிகையில் வந்த சுருக்கத்தின் இரண்டு வரிகளாகவே இடம்பெறுகிறது. அதைப் படிக்கும் மாணவர், பிஸ்மார்க் பொய்யான தந்தியைத் தயாரித்துப் போரை மூட்டினார் என்று எழுதுகிறார். இரண்டு வடிவங்களையும் முழுதாக, அருகருகே வைத்துக் கொடுத்துப் பாருங்கள். ஆபேக்கனின் தந்தியில் மன்னர் தம் சொந்தச் சொற்களில் நடந்ததைச் சொல்கிறார். கோரிக்கையைச் சற்றுக் கடுமையாகவே மறுத்ததாகவும் ஒப்புக்கொள்கிறார். அதற்குப் பிறகு, போட்டியாளரின் தந்தையான இளவரசரிடமிருந்து கடிதம் வந்ததும், போட்டி கைவிடப்பட்டது உறுதியாகிவிட்டதால் தூதரிடம் மேற்கொண்டு சொல்ல ஒன்றுமில்லை என்று உதவியாளர் மூலம் தெரிவிக்க மன்னர் முடிவெடுத்ததும் அதில் இருக்கின்றன. இந்தப் புதிய கோரிக்கையையும் அது மறுக்கப்பட்டதையும் பத்திரிகைகளுக்குத் தெரிவிப்பதா வேண்டாமா என்பதை மன்னர் பிஸ்மார்க்கிடமே விட்டுவிட்டார் என்பதும் அதே தந்தியின் கடைசியில் இருக்கிறது. பிஸ்மார்க்கின் வடிவத்தில் புதிதாகச் சேர்க்கப்பட்டது மிகக் குறைவு. காரணமும், இடையில் நடந்த உரையாடலும், காத்திருப்பும் நீங்கி, கோரிக்கையும் அதைத் தொடர்ந்து தூதரைச் சந்திக்க மறுத்ததும் மட்டும் எஞ்சி நிற்கின்றன. நீக்கியதாலேயே செய்தியின் தொனி மாறிவிட்டது.

இதைத் தம் கண்ணால் கண்டுபிடிக்கும் மாணவர், ‘பிஸ்மார்க் பொய் சொன்னார்’ என்ற எளிய முடிவிலிருந்து விலகி, அனுமதி பெற்று, பெரும்பாலும் வெட்டுவதன் மூலமே பொருளை எப்படி மாற்ற முடிந்தது என்ற வினாவுக்கு வந்து சேர்கிறார். மூன்றாவதாக, பிஸ்மார்க்கின் நினைவுக் குறிப்புகளிலிருந்து அந்த இரவைப் பற்றிய பகுதியையும் கொடுக்கலாம். படைத்தலைவர் மோல்ட்கேயும் போர் அமைச்சர் ரோனும் உடனிருக்க, தந்தியைச் சுருக்கிப் படித்துக் காட்டியதும் அவர்கள் முகம் மலர்ந்ததாக அவர் அங்கே பெருமையுடன் விவரிக்கிறார். அது 1890இல் பதவியிழந்த பிறகு எழுதப்பட்டு, அவர் இறந்த 1898இல் வெளியான நூல். நடந்ததற்கு இருபது ஆண்டுகளுக்குப் பின், தம் புகழை நிலைநிறுத்த விரும்பும் ஒரு முதியவர் எழுதியதை, 1870இன் தந்தியோடு ஒரே எடையில் வைக்கலாமா? போரைத் தாமே திட்டமிட்டு வரவழைத்ததாகச் சொல்லிக்கொள்வதில் அவருக்கு என்ன ஆதாயம்? ஒரே சம்பவத்தைப் பற்றிய மூன்று சிறிய ஆவணங்கள் போதும். ஒரு வார வகுப்பு அதிலேயே கழியும், கழியட்டும்.

வினாத்தாள் அமைப்பவர்களிடம் இந்த இடத்தில் பணிவோடு ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒரு மனுவின் முதல் பத்தியிலுள்ள விசுவாசச் சொற்களையும் கடைசிப் பத்தியிலுள்ள வேண்டுதலையும் நீக்கிவிட்டு, நடுவிலுள்ள குறைகளை மட்டும் அச்சிடும்போது, மனுதாரர்கள் கலகக்காரர்களைப் போலத் தோன்றுகிறார்கள். உண்மையில் அவர்கள் ஆட்சியாளரின் நீதியுணர்வை நம்பியோ, நம்புவது போலக் காட்டியோ எழுதியவர்களாக இருக்கலாம். அந்த இரண்டில் எது என்பதே நல்ல கட்டுரைக்குரிய வினா. அந்த வினாவுக்கான இடம் நீங்கள் நீக்கிய வரிகளில் இருந்தது. இடமின்மையால் வெட்ட நேர்ந்தால், வெட்டிய இடங்களைப் புள்ளிகளால் காட்டுங்கள். எவ்வளவு வெட்டப்பட்டது என்பதையும் குறிப்பிடுங்கள். யார் எழுதியது, யாருக்கு, எப்போது, எந்த வடிவில் வெளியானது என்ற தலைப்புக் குறிப்பை ஒருபோதும் சுருக்காதீர்கள். பல பயிற்சித் தாள்களில் ‘ஒரு சமகாலத்தவர்’ என்ற இரண்டு சொற்களே தலைப்புக் குறிப்பாக இருக்கின்றன. அதை வைத்து எந்த மாணவராலும் எதையும் ஆராய முடியாது.

அடுத்ததாக, ஒருதலைப்பட்சம் என்ற குற்றச்சாட்டு. மாணவர்கள் இதை ஒரு முத்திரையைப் போல ஒவ்வோர் ஆவணத்தின் மீதும் குத்துகிறார்கள். குத்தியதும் ஆய்வு முடிந்துவிட்டதாக நினைக்கிறார்கள். 1770 மார்ச் 5 அன்று, அமெரிக்கா பிரிட்டிஷ் குடியேற்ற நாடாக இருந்த காலத்தில், பாஸ்டன் நகரில் பிரிட்டிஷ் படைவீரர்கள் கூட்டத்தை நோக்கிச் சுட்டதில் ஐந்து பேர் இறந்தனர். அதைப் பற்றி, பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்தவர்களுள் ஒருவரான பால் ரெவியர் அந்த மாத இறுதிக்குள் ஒரு செதுக்கோவியத்தை அச்சிட்டு விற்றார். அதில் வீரர்கள் அணிவகுத்து நிற்கிறார்கள். தளபதி அவர்களுக்குப் பின்னால் நின்று வாளை உயர்த்தி ஆணையிடுகிறார். எதிரே நிராயுதபாணியான மக்கள் சாய்கிறார்கள். சுங்க அலுவலகக் கட்டடத்தின் மேல் கசாப்புக் கூடம் என்று பொருள்படும் பெயர்ப்பலகை எழுதப்பட்டிருக்கிறது. அந்தத் தளபதியான கேப்டன் பிரெஸ்டன் சிறையிலிருந்து எழுதிய விவரமோ வேறு. கூட்டத்தினர் தடிகளோடு வந்தார்கள், பனிக்கட்டிகளை எறிந்தார்கள், தாம் தம் வீரர்களின் துப்பாக்கிகளுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்ததால் சுடச் சொல்லியிருக்கவே முடியாது என்கிறார் அவர். பின்னர் நடந்த வழக்கில் பிரெஸ்டன் விடுவிக்கப்பட்டார். வீரர்களில் இருவர் மட்டும் கொலைக்குக் குறைந்த குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டனர்.

‘ஓவியம் ஒருதலைப்பட்சமானது, ஆகவே நம்பத்தக்கதல்ல’ என்று எழுதும் மாணவரிடம் நான் எப்போதும் கேட்பது, எதற்கு நம்பத்தக்கதல்ல என்பதைத்தான். அன்றிரவு யார் முதலில் சுட்டார் என்பதற்கு அது பலவீனமான சான்று. ஆனால் அந்த இரவை மக்கள் எப்படி நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று குடியேற்ற நாட்டு எதிர்ப்பாளர்கள் விரும்பினார்கள் என்பதற்கு அதைவிட நேரடியான சான்று வேறு இல்லை. தளபதியை வீரர்களுக்குப் பின்னால் நிறுத்தியதும், பெயர்ப்பலகையை மாற்றி எழுதியதுமான அந்தச் சாய்வுதான் அங்கே நமக்கு வேண்டிய தகவல். பிரெஸ்டன் எழுதியதும் தம் உயிரைக் காத்துக்கொள்ள எழுதியது. அதனாலேயே அதில் அவர் எவற்றை மறுத்தாக வேண்டியிருந்தது என்பது தெரிகிறது. ஒரு சான்று நல்லதா கெட்டதா என்பதைத் தனியாகச் சொல்லிவிட முடியாது, எந்த வினாவுக்கு என்று கேட்ட பிறகே சொல்ல முடியும். இந்த ஒன்றை ஒரு மாணவர் உள்வாங்கிக்கொண்டால், அவருடைய கட்டுரைகள் அதற்குப் பிறகு முன்போல் இருப்பதில்லை. மாதிரி விடைகளால் இதைக் கற்பிக்க முடியாது. இரண்டு ஆவணங்களையும் முன்னால் வைத்து, நேரம் கொடுத்து, மாணவரே தடுமாறி வெளியே வருவதற்குக் காத்திருக்க வேண்டும்.

வரலாற்றறிஞர்கள் ஆவணங்களை எப்படிப் படிக்கிறார்கள் என்பதை அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் சாம் வைன்பர்க் 1991இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. அமெரிக்கப் புரட்சியின் தொடக்கமான லெக்சிங்டன் மோதல் பற்றிய ஆவணங்களை எட்டு வரலாற்றறிஞர்களிடமும் எட்டு உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடமும் கொடுத்து, படிக்கும்போது மனத்தில் தோன்றுவதை வாய்விட்டுச் சொல்லச் செய்தார். அறிஞர்கள் முதலில் யார் எழுதியது என்று பார்த்தார்கள். ஓர் ஆவணத்தைப் படிக்கும்போதே முந்தைய ஆவணத்துக்குத் திரும்பிச் சென்று ஒப்பிட்டார்கள். மாணவர்கள் மேலிருந்து கீழாக ஒவ்வொன்றையும் தனித்தனியே படித்து முடித்தார்கள். அவற்றுள் மிக நம்பகமானது எது என்று கேட்டபோது பாடநூலிலிருந்து எடுத்த பகுதியைச் சுட்டினார்கள். அவர்கள் படிப்பில் பின்தங்கியவர்கள் அல்லர், நல்ல மதிப்பெண் பெறுபவர்கள். திரும்பிச் சென்று ஒப்பிடும் அந்தப் பழக்கம் 15 நிமிட வாசிப்பில் உருவாகாது. நேரக் கட்டுப்பாடு தேர்வுக்கு அவசியமானதுதான். ஆனால் முதல் பயிற்சியிலேயே கடிகாரத்தை வைத்துவிட்டால், மாணவர் வேகமாகப் படிக்கக் கற்பதற்கு முன் வேகமாகத் தாண்டிச் செல்லக் கற்றுக்கொள்கிறார்.

ஆவணம் சொல்லாமல் விட்டதைப் படிக்கவும் நம் பயிற்சிகள் இடம் கொடுப்பதில்லை. முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள். 919, 921 ஆகிய ஆண்டுகளைச் சேர்ந்த இரண்டு ஆணைகள் அங்கே இருக்கின்றன. சபையின் வாரியங்களுக்கு உறுப்பினரைக் குடவோலை முறையில் எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதை அவை விதிக்கின்றன. வழக்கமாக அதிலிருந்து ஓலையும் குடமும் வரும் வரிகள் மட்டும் எடுக்கப்பட்டு, பழங்காலத்திலேயே மக்களாட்சி இருந்ததற்குச் சான்று தருக என்று கேட்கப்படுகிறது. மாணவரும் தருகிறார். முழு வாசகத்தையும் கொடுத்தால் அவர் வேறு பலவற்றைப் பார்ப்பார். கால் வேலிக்கு மேல் வரி செலுத்தும் நிலமும், சொந்த மனையில் கட்டிய வீடும், வேதக் கல்வியும் வேண்டும் என்ற தகுதிகளைப் பார்ப்பார். அது பிராமணர்களின் சபை என்பதைப் பார்ப்பார். அவ்வூரில் நிலமற்றவர்களும் பெண்களும் பிற சாதியினரும் இந்த ஓலைகளில் எங்கும் இல்லை என்பதைப் பார்ப்பார்.

அதைவிடச் சுவையான வினா ஒன்றும் அங்கே ஒளிந்திருக்கிறது. இரண்டே ஆண்டுகளில் விதியை ஏன் மறுபடியும் எழுத வேண்டி வந்தது? முதல் ஆணையில் 30 முதல் 60 வரை என்றிருந்த வயது வரம்பு, இரண்டாவதில் 35 முதல் 70 வரை என்று மாறுகிறது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர்களும் அவர்களுடைய உறவினர்களும் தகுதியற்றவர்கள் என்று சொல்லி, எந்தெந்த உறவினர் என்பதை இரண்டாவது ஆணை நீளமாக வரிசைப்படுத்துகிறது. ஒரு சட்டம் ஒன்றை இவ்வளவு விரிவாகத் தடுக்கிறது என்றால், அதற்கு முன் அது நடந்துகொண்டிருந்தது என்று ஊகிக்க இடமுண்டு. விதி எழுதப்பட்டது என்பதனாலேயே அது பின்பற்றப்பட்டது என்று ஆகிவிடாது என்பதையும் மாணவர் சேர்த்துச் சொல்லலாம். ‘இருந்தது’, ‘இல்லை’ என்ற இரண்டு விடைகளுக்கு நடுவில் எழுதப்படும் இத்தகைய கட்டுரையை, ஓலையும் குடமும் மட்டும் உள்ள மூன்று வரிகளை வைத்து எவராலும் எழுத முடியாது.

எழுதத் தெரியாதவர்களின் வரலாறு பிறர் கையால் எழுதப்பட்டு நமக்கு வந்து சேர்கிறது என்பதையும் இதனுடன் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் 1936க்கும் 1938க்கும் இடையில், அடிமைகளாக இருந்து விடுதலை பெற்ற 2,300க்கும் மேற்பட்ட முதியவர்களை அரசு நியமித்தவர்கள் நேர்கண்டு பதிவு செய்தார்கள். கேள்வி கேட்டவர்களில் பெரும்பாலோர் வெள்ளையர்கள். பதில் சொன்னவர்களில் பலர் பொருளாதாரப் பெருமந்தத்தின் வறுமையில், வெள்ளையரின் தயவை எதிர்பார்க்க வேண்டிய நிலையில் இருந்தார்கள். சிறுவயதில் கண்டதை முதுமையில் சொன்னார்கள். அப்படியிருந்தும் அந்தப் பதிவுகள் இல்லாமல் அடிமை முறையின் வரலாற்றை எழுத முடியாது. ‘குறைபாடுள்ள சான்று’ என்று எழுதி ஒதுக்கிவிட்டு நகரும் மாணவருக்கும், அதன் குறைபாட்டை அறிந்து, ஒருவர் தயங்கிய இடத்தையும் பேச்சை மாற்றிய இடத்தையும் கவனித்துப் படிக்கும் மாணவருக்கும் நம் அட்டவணைகள் ஒரே மதிப்பெண்ணைத் தந்துவிடக்கூடும். திருத்துபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும் என்று மன்றாடிக் கேட்கிறேன்.

பயிற்சியை எப்படி மாற்றலாம் என்பதைப் பற்றி, வகுப்பில் பயன் தந்ததை வைத்துச் சிலவற்றைச் சொல்கிறேன். முதல் சில வாரங்களுக்கு வினாவே கொடுக்க வேண்டாம். ஆவணங்களை மட்டும் கொடுத்து, இவற்றை வைத்து என்னென்ன வினாக்களுக்கு விடை காணலாம், என்னென்ன வினாக்களுக்கு முடியாது என்று மாணவரையே எழுதச் சொல்லுங்கள். இரண்டாவது பட்டியல்தான் அவர்களை அதிகம் யோசிக்க வைக்கிறது. ஆவணங்களைத் தேர்ந்தெடுக்கும்போது எல்லாம் ஒரே பக்கம் சாயும்படி தேர்ந்தெடுக்காதீர்கள்; வாதத்துக்குள் எளிதில் அடங்காத ஒன்றை வேண்டுமென்றே சேருங்கள். தம் வாதத்துக்கு எதிரான ஆவணத்தை ஒளித்துவிட்டு எழுதும் மாணவருக்கும், அதைத் தம் வாதத்தின் எல்லையைத் திருத்திக்கொள்ளப் பயன்படுத்தும் மாணவருக்கும் உள்ள இடைவெளியை, முழுக் கட்டுரை எழுதச் சொல்லாமல் ஒரே ஒரு பத்தி எழுதச் சொல்லியே கண்டுகொள்ளலாம். அந்த ஒரு பத்தியைத் திருத்தி, குறிப்பெழுதி, மறுபடி எழுத வையுங்கள். வாரத்துக்கு ஒரு முழுக் கட்டுரையை நேரம் வைத்து எழுதி, மதிப்பெண் பார்த்து, மூலையில் போட்டுவிட்டு அடுத்ததை எழுதுவதைவிட, ஒரே பத்தியை இரண்டாம் முறை எழுதும்போது மாணவர் அதிகம் கற்றுக்கொள்கிறார். குறிப்பெழுதும்போது ‘நன்று’, ‘போதாது’ என்பவற்றைத் தவிர்த்து, ‘இந்த வாக்கியத்துக்கு ஆவணத்தில் எந்த வரி ஆதாரம்?’ என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்கு ஆவணத்தைத் திறக்காமல் பதில் சொல்ல முடியாது.

மேற்கோள் காட்டுவதைப் பற்றியும் ஒரு சொல். பயிற்சி நூல்கள் நீண்ட மேற்கோளைத் தண்டிப்பதில்லை. ஆகவே மாணவர்கள் இடத்தை நிரப்ப நீண்ட மேற்கோளை எழுதுகிறார்கள். ஆவணத்திலிருந்து இரண்டு மூன்று சொற்களை மட்டும் எடுத்து, தம் வாக்கியத்துக்குள் பொருத்தி எழுதச் சொன்னால், எந்தச் சொற்கள் என்று அவர்கள் தேர்ந்தெடுத்தாக வேண்டும். தேர்ந்தெடுப்பதற்கு மறுபடி படித்தாக வேண்டும்.

இதற்கெல்லாம் நேரம் எங்கே என்று கேட்பீர்கள். பாடத்திட்டம் நீளமானது, தேர்வு நாள் நெருங்கிக்கொண்டிருக்கிறது, வகுப்பில் மாணவர்கள் அதிகம், எல்லாம் உண்மை. முழு ஆவணம் என்றதும் நூறு பக்க அறிக்கையை நினைக்க வேண்டியதில்லை. முழுதாகவே சிறியதாக இருக்கும் ஆவணங்கள் ஏராளம்: ஒரு தந்தி, ஒரு தனிக்கடிதம், ஒரு விளம்பரம், ஒரு ஊர்க் கல்வெட்டு, ஒரு கைதியின் வாக்குமூலம். பழைய நடை மாணவருக்குக் கடினம் என்பதும் உண்மை. அதற்கு அருஞ்சொற்பொருள் கொடுத்தால் போதும், கடினமான வாக்கியங்களை நீக்கத் தேவையில்லை. கடினமான வாக்கியத்தில்தான் எழுதியவர் எதையோ சுற்றி வளைத்துச் சொல்ல முயன்றிருப்பார். பின்தங்கிய மாணவர்களுக்கு அட்டவணையும் அச்சு வாக்கியங்களும் ஊன்றுகோல் என்று சில ஆசிரியர்கள் வாதிடுகிறார்கள். அந்த அக்கறையை நான் மதிக்கிறேன். ஆனால் கட்டுரை எழுதத் திணறும் மாணவர்கள்கூட ஆவணத்தைப் பற்றி வாயால் பேசும்போது கூர்மையாகப் பேசுவதைப் பலமுறை கண்டிருக்கிறேன். ‘இவர் தப்பித்துக்கொள்ளப் பார்க்கிறார்’ என்று பிரெஸ்டனைப் பற்றி ஒரு மாணவர் சொல்லிவிட்டால், ஆய்வு அங்கே தொடங்கிவிட்டது. அதை எழுத்தாக்கக் கற்றுத்தருவது நம் பணி. அச்சு வாக்கியத்தை முதலில் கொடுத்துவிட்டால், அந்தப் பேச்சு எழவே எழாது.

விடைத்தாள் திருத்துபவர்களிடம் குறிப்பாக ஒன்று கேட்கிறேன். ‘இந்த ஆவணங்களை வைத்து இதை உறுதியாகச் சொல்ல முடியாது’ என்று காரணத்தோடு எழுதும் மாணவரைத் தண்டிக்காதீர்கள். தயங்கி எழுதினால் மதிப்பெண் குறையும், உறுதியாக எழுதினால் கூடும் என்ற எண்ணம் மாணவர்களிடையே ஆழமாக வேரூன்றியிருக்கிறது. அதனால், மூன்று கடிதங்களைப் படித்துவிட்டு ஒரு நாட்டு மக்கள் அனைவரும் என்ன நினைத்தார்கள் என்று எழுதிவிடுகிறார்கள். எழுதத் தெரிந்த, எழுதியது அழியாமல் காக்கப்பட்ட சிலர் என்ன நினைத்தார்கள் என்று வரம்பிட்டுச் சொல்லும் மாணவர் அவர்களைவிட நல்ல வரலாற்று மாணவர். அந்த வரம்புக்கு மதிப்பெண் உண்டு என்பதை உங்கள் திருத்துநர் கூட்டங்களில் எழுத்தில் பதிவு செய்யுங்கள். பதிவு செய்ததை ஆசிரியர்கள் அறியும்படி வெளியிடுங்கள்.

பயிற்சி நூல் தயாரிப்பவர்கள் அடுத்த பதிப்பில் மூன்று மாற்றங்களைச் செய்தால் போதும். வெட்டிக் கொடுக்கும் ஒவ்வோர் ஆவணத்தின் முழு வடிவத்தையும் பின்னிணைப்பில் சேருங்கள். மாதிரி விடைகளைக் கொடுப்பதானால், ஒரே வினாவுக்கு ஒன்றோடொன்று முரண்படும், ஆனால் இரண்டுமே நன்றாக எழுதப்பட்ட இரண்டு விடைகளைக் கொடுங்கள். ஒற்றை விடை மட்டும் இருந்தால் அதுவே பாடநூலாகிவிடும். மதிப்பெண் அட்டவணையை முதல் பக்கத்திலிருந்து எடுத்துக் கடைசிப் பக்கத்துக்கு மாற்றுங்கள். இவற்றை ஏற்க இயலாது என்று கருதினால், அதற்கான காரணங்களை ஆசிரியர்கள் படிக்கும்படி எழுதுங்கள். அவற்றுக்கு விடை எழுத என்னைப் போன்றவர்கள் பலர் காத்திருக்கிறோம்.

மிக்க மரியாதையுடன்,
வரலாற்று ஆசிரியர் ஒருவர்